ரூலட் மேசையைச் சுற்றி நின்றவர்கள்

போன ஞாயிறு ராத்திரி, வெளியே நல்ல மழை. புனேயில் மழையும் இருந்து கரண்ட்டும் இருந்தால் அது படம் பார்க்க வேண்டிய ராத்திரி. 'காசாபிளாங்கா' போட்டேன். எனக்கு எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. பத்தாவது படிக்கும் மகளுக்கு முதல் தடவை. அரை மணி நேரத்தில் கேட்டாள்: "ஏம்ப்பா, இதுல ஆளாளுக்கு ஒரு மாதிரி இங்கிலீஷ் பேசறாங்க?"

அவளுக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு.

கதை 1941 டிசம்பரில் மொராக்கோவில் நடக்கிறது. ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் லிஸ்பன் போய், அங்கிருந்து அமெரிக்கா போக விசாவுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். வார்னர் பிரதர்ஸ் 1942 மே முதல் ஆகஸ்ட் வரை கலிபோர்னியாவில் செட் போட்டு எடுத்த படம். டைட்டிலில் பெயர் வரும் 14 நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர்: ஹம்ப்ரி போகார்ட், டூலி வில்சன், ஜாய் பேஜ். மற்றவர்கள் வெளியூர்க்காரர்கள். இங்கிரிட் பெர்க்மன் ஸ்வீடன். இசையமைத்த மேக்ஸ் ஸ்டைனர் வியன்னா.

இயக்குநர் மைக்கேல் கர்டிஸ், புடாபெஸ்ட்டில் பிறந்த யூதர். 1926-இலேயே அமெரிக்கா வந்தும் இங்கிலீஷ் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு காட்சிக்குத் தரையில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்று 'படில்' கேட்டாராம். அவர் உச்சரிப்பில் அது 'பூடில்' ஆகி, ஆட்கள் ஒரு நாயைப் பிடித்து வந்து நிறுத்தினார்களாம். மும்பையில் இந்தி பேசிய முதல் மாதம் ஞாபகம் வந்து நானும் சிரித்தேன் :-)

ஆனால் எல்லாமே சிரிக்கிற விஷயம் இல்லை. ரூலட் மேசைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விசாவுக்குப் பணம் புரட்ட ஓர் இளம் கணவன் சூதாடுகிறான். அதில் நடித்த ஹெல்முட் டான்டைன், 1938-இல் ஆஸ்திரியாவை நாஜிகள் பிடித்ததும் முகாமில் அடைபட்டு வெளியே வந்தவர்.

சக்கரத்தைச் சுழற்றுபவர் மார்செல் டாலியோ. பிரெஞ்சு சினிமாவில் பெரிய நடிகர், யூதர். 1940-இல் பாரிஸை விட்டு லிஸ்பனுக்கு ஓடினார். கையில் இருந்த சிலி நாட்டு விசா போலி என்று மெக்சிகோ போன பிறகுதான் தெரிந்தது. இந்தப் படத்தில் அவர் பெயர் டைட்டிலில்கூட இல்லை.

அந்தக் கணவன் ஜெயிப்பதைப் பார்த்துப் பூரித்துப் போகும் குண்டுக்கன்ன சர்வர் எஸ். இசட். சக்கால், ஹங்கேரிக்காரர். அவருடைய மூன்று சகோதரிகளும் நாஜி முகாம்களில் இறந்தார்கள்.

நாஜி அதிகாரியாக வரும் கான்ராட் வைட்? மனைவி யூதர் என்பதால் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். யாரை வெறுத்து ஓடினாரோ, அவர்களுடைய சீருடையையே போட்டுக்கொண்டு நடித்தார். போர் முடிவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1943 ஏப்ரலில், 50 வயதில் இறந்துபோனார்.

விடுதியில் எல்லோரும் எழுந்து பிரெஞ்சு தேசிய கீதம் பாடும்போது, கண்ணீரோடு ஒரு பெண் முகம் வரும். மடலின் லெபோ. டாலியோவின் மனைவி, அதே போலி விசாவில் அவரோடு வந்தவர். அப்போது வயது 19. அந்த நேரத்தில் அவருடைய நாடு ஜெர்மானியர் கையில் இருந்தது. டைட்டிலில் பெயர் வந்த நடிகர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவரும் அவர்தான், 2016-இல் இறந்தார்.

படத்துக்கு 1944-இல் ஆஸ்கார் கிடைத்தது. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என்று மூன்று. மேசையைச் சுற்றி நின்ற இவர்களில் யாருக்கும் இல்லை.

புனே வந்த புதிதில் அம்மாவிடம் போனில், "இட்லி மாவுகூடக் கிடைக்காம அகதி மாதிரி கிடக்கேம்மா" என்று ஜோக் அடிப்பேன். வருஷக்கணக்கில் அதையே சொன்னேன். எனக்கு ஊருக்குப் போகத் தடையாக இருந்தது தட்கால் டிக்கெட் மட்டும்தான். போனால் வீடு இருக்கும், வாசலில் அம்மா இருப்பாள்.

படம் முடிந்ததும் மகள், அந்த ரூலட் காட்சியை மறுபடி போடச் சொன்னாள். இந்தத் தடவை கதாநாயகனைப் பார்க்கவில்லை. சக்கரம் சுழற்றுபவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.