கரண்ட் போனபின் எஞ்சுவது: கலப்பு விளையாட்டுக் கருவியின் வெற்றி குறித்து வன்னியிலிருந்து ஒரு வாதம்

வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடவேண்டும், கையிலும் கொண்டு திரியவேண்டும் என்று செய்யப்படும் விளையாட்டுக் கருவி நிலைக்குமா என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஒரே விடைதான் இருந்தது: சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால். 2017 மார்ச் 3இல் வெளிவந்த நின்டென்டோ ஸ்விட்ச் 150 மில்லியனுக்கு மேல் விற்று அந்த விடையைப் பொய்யாக்கியது. ஏன் பொய்யானது என்பது இன்னும் சரியாக விளக்கப்படவில்லை என்றே கருதுகிறேன். கலப்புக் கருவியை அதன் இரு பாதிகளும் சேர்ந்திருக்கையில் வைத்து மதிப்பிடுகிறோம். ஒரு பாதி இல்லாதபோது மற்றப் பாதி தனித்து நிற்கிறதா என்று கேட்பதில்லை. இந்த அளவுகோலை நான் வட இலங்கையின் வன்னி வாழ்க்கையிலிருந்து எடுக்கிறேன்.

1990களிலிருந்து போர் முடியும்வரை வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலையமைப்பின் மின்சாரம் இல்லை. அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. அக்காலத்தில் வீடுகளில் உயிரோடிருந்த கருவி வானொலி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்னில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். தொலைக்காட்சிக்கு ஜெனரேற்றர் வேண்டும், ஜெனரேற்றருக்கு எரிபொருள் வேண்டும். ஆகவே படம் பார்ப்பது ஊர்கூடிச் செய்யும் காரியமாயிற்று. வானொலிப் பெட்டியும் ஒரு கலப்புக் கருவிதான்: பின்னால் பற்றரி போடும் இடம், பக்கத்தில் கரண்ட் வயர் செருகும் துளை. வவுனியா நகரில் கரண்டில் பாடிய அதே பெட்டி, ஓமந்தையைக் கடந்து மின்சாரமில்லாத பகுதிக்குள் வந்தபின் டைனமோவில் பாடியது. ஒரு வழி அடைபட்டபோதும் அது வானொலியாகவே இருந்தது.

இந்த அளவுகோலை விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம். சேகா நிறுவனம் 1995இல் வட அமெரிக்காவில் விற்ற நோமாட், வீட்டுக் கருவிக்கான அதே கார்ட்ரிட்ஜுகளைக் கையில் ஓட்டியது, தொலைக்காட்சியோடும் இணைந்தது. ஆனால் ஆறு பற்றரிகளை இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தின்று முடித்தது. அடுத்த தலைமுறைக் கருவி வந்துவிட்டதும் அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணமே, மறுக்கவில்லை. 2012இல் வந்த நின்டென்டோவின் வீ யூ இன்னும் தெளிவான பாடம். அதன் கைப்பலகையில் திரை உண்டு, பற்றரி உண்டு. ஆயினும் விளையாட்டு ஓடுவது தொலைக்காட்சிக்கு அருகிலிருக்கும் பெட்டியில்தான். அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வெறும் பலகை. விற்றது 13.56 மில்லியன். 2013இல் சோனி வெளியிட்ட வீட்டா ரீவி மறுபக்கத்திலிருந்து அதே தவறைச் செய்தது: கைக்கருவியின் திரையைக் கழற்றிவிட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தினார்கள், தொடுதிரையை நம்பிச் செய்யப்பட்ட பல விளையாட்டுகள் அதில் ஓடவில்லை.

ஸ்விட்சில் கணிப்பியக்கம் முழுவதும் கையிலிருக்கும் 6.2 அங்குலத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. டொக் எனப்படும் தாங்கி மின்னேற்றி, படத்தைத் தொலைக்காட்சிக்குக் கடத்துகிறது. மூளை அதில் இல்லை. தாங்கியில் வைத்தால் 1080 வரிகள் வரை, கையில் எடுத்தால் 720 வரை. தொலைக்காட்சி இல்லாவிட்டால் படத்தின் தரம் குறைகிறது, விளையாட்டு நிற்பதில்லை. 2019இல் தொலைக்காட்சியோடு இணையாத ஸ்விட்ச் லைற் வந்தது. தொலைக்காட்சியில் மட்டும் ஓடும் ஸ்விட்ச் ஒன்றை நின்டென்டோ வெளியிடவேயில்லை. எந்தப் பாதி எந்தப் பாதியைச் சுமக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெற்றி விளையாட்டுகளின் தரத்தால் வந்தது, வடிவத்தால் அல்ல என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு மரியோ கார்ட் 8 விடை சொல்கிறது. 2014இல் வீ யூவில் வந்தபோது சுமார் 8 மில்லியன் விற்ற அந்த விளையாட்டு, சிறு சேர்க்கைகளோடு 2017இல் ஸ்விட்சில் வந்து 60 மில்லியனைத் தாண்டியது. விளையாட்டு ஏறத்தாழ ஒன்றே. வைத்திருந்த பாத்திரம் வேறு.

இனி இன்றைய வன்னி. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் ஒரே நொடியில் தீவு முழுவதும் இருண்டது. மின்சாரம் போனபின்னும் சில மணித்தியாலம் ஓடும் கருவிக்கு இங்கே பொருள் உண்டு. வீட்டில் ஒரே தொலைக்காட்சி, மாலையில் அது நாடகத்துக்குரியது என்ற வழமைக்கும் இந்த வடிவம் பொருந்துகிறது. பொருந்தாதது விலை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 அப்போது அமெரிக்காவில் 449.99 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று கொண்டால், வரிக்கு முன்னரே 135,000 ரூபா. அவ்வாண்டு ஏப்ரலில் உயர்த்தப்பட்ட தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. ஐந்து மாத உழைப்பு முழுவதும் ஒரு விளையாட்டுக் கருவிக்குப் போயிருக்கும். விளையாட்டுகளுக்கு வேறு காசு. கருவியின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

பிள்ளைகள் போனிலேயே விளையாடிக்கொள்வார்கள் என்று இந்த இடத்தில் முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. போன் ஒரு பிள்ளையின் கையில் ஒரு பிள்ளைக்காக இருப்பது. ஸ்விட்சின் கைப்பிடிகள் இரண்டையும் கழற்றினால் இருவர் விளையாடலாம்; திரையை மேசையில் நிறுத்தினால் சுற்றி நிற்பவர்களும் பார்க்கலாம். இது கரம் பலகையின் குணம். கரம் பலகையை எல்லா வீடுகளும் வாங்குவதில்லை. சனசமூக நிலையத்தில் ஒன்று இருந்தால் ஊருக்குப் போதும். வன்னியில் கலப்புக் கருவி தனி வீட்டுச் சொத்தாக வெற்றி பெறாது, பொதுச் சொத்தாக வெற்றி பெறும் என்பது என் முடிவு. கரைச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா வடக்கு பிரதேச சபைகள் தத்தம் நூலகங்களில் ஒவ்வொன்று வாங்கி வைத்து, ஓராண்டு பிள்ளைகளிடம் விட்டுப் பார்க்கவேண்டும்.