மாயா பஜார்: முறையுறவும் மாயமும் – ஒரு குடும்பப் படத்தின் பார்வையாளர் வரலாறு

முன்னுரை

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, ‘மாயா பஜார்’ தமிழில் வெளியாயிற்று. அதன் தெலுங்கு வடிவம் இரு வாரங்களுக்கு முன்பு, மார்ச் 27 அன்று திரைக்கு வந்திருந்தது. சென்னை வடபழநியில் இயங்கிய விஜயா வாகினி படப்பிடிப்பு நிலையத்தில், பி. நாகிரெட்டி, சக்கரபாணி ஆகியோரின் தயாரிப்பில், கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் இரு வடிவங்களும் உருவாயின. வளரும் லட்டுகள், தானே சுருளும் பாய், ஒரே இரவில் எழும் நகரம் என்று தந்திரக் காட்சிகள் நிறைந்த படமாகவே இது பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. குழந்தைகளுக்கேற்ற படம் என்னும் பெயரும் இதற்கு உண்டு.

எனினும், தந்திரக் காட்சிகள் மட்டுமே ஒரு படத்தை அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்தல் அரிது. இப்படத்தின் நகைச்சுவைக்கு அடியில் தென்னிந்தியக் குடும்பங்கள் நன்கறிந்த ஒரு மனக்குறை உள்ளது. முறைப்பெண்ணைத் தருவதாகச் சொன்ன வாக்கு, வறுமை வந்ததும் மறுக்கப்படுகிறது. பார்வையாளர் இப்படத்தை ஏற்றுக்கொண்ட வரலாற்றை இந்த மனக்குறையின் வழியே காண்பதும், அதன் எப்பகுதி இன்று மங்கிவருகிறது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. படத்திற்கு முன்பே இருந்த பார்வையாளர்

வியாச பாரதத்தில் அபிமன்யு மணப்பது விராடனின் மகள் உத்தரையை. பலராமனின் மகளைப் பற்றிய காதற்கதை அங்கு இல்லை. அக்கதை மக்கள் வழக்கில் வளர்ந்தது. ஆந்திரத்தில் சசிரேகை என்றும், பிற இடங்களில் வத்சலை, சுரேகை என்றும் நாயகி பெயர் பெற்றாள். தமிழில் இதற்கு இணையான மரபு ஒன்று முன்பே வேரூன்றியிருந்தது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அபிமன்னன் சுந்தரி மாலை’ என்னும் கதைப்பாடல், அபிமன்யு தன் மாமன் மகள் சுந்தரியை அடைந்த கதையைச் சொல்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் அதே பொருளில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை இயற்றினார். பெரிய எழுத்துப் பதிப்புகளின் வழியும் இரவு நாடகங்களின் வழியும் இக்கதை ஊர்தோறும் சென்றது.

திரைப்படமும் இக்கதையைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டது. பாபுராவ் பெயிண்டரின் ‘சுரேகா ஹரண்’ 1921இல் மௌனப்படமாக வந்தது. 1936இல் பி. வி. தாஸ் இதைத் தெலுங்கில் பேசும் படமாக்கினார். ஆகவே 1957இல் கொட்டகைக்கு வந்தவர்களுள் பலருக்கு இக்கதையின் முடிவு முன்பே தெரியும். ‘என்ன நடக்கும்’ என்னும் ஆவலைக் காட்டிலும், ‘எப்படி நடத்திக் காட்டுவார்கள்’ என்னும் எதிர்பார்ப்பே அவர்களிடம் இருந்திருக்க வேண்டும். கூத்துப் பார்ப்போரின் மனநிலையும் இதுவே.

2. வீட்டு வழக்காகிய பாரதம்

பாண்டவர் ஐவருள் ஒருவர்கூட இப்படத்தில் திரையில் தோன்றுவதில்லை. சூதாட்டச் செய்தியும் வனவாசச் செய்தியும் துவாரகைக்குச் சொல்லாகவே வந்து சேர்கின்றன. பாரதத்தின் பெரும்போர் முற்றிலும் விலக்கப்பட்டு, கதை ஒரு வீட்டிற்குள் நிகழ்கிறது.

அவ்வீட்டின் வழக்கு எளியது. பலராமன் தன் தங்கை சுபத்திரைக்கு, மகள் வத்சலாவை அவள் மகன் அபிமன்யுவுக்குத் தருவதாக வாக்களித்திருக்கிறான். பாண்டவர் நாடிழந்ததும் அந்த வாக்குப் பாரமாகிறது. துரியோதனன் தன் மகன் லட்சுமண குமாரனுக்குப் பெண் கேட்கிறான். அதன்மூலம் யாதவரைத் தன் பக்கம் இழுப்பது சகுனியின் சூழ்ச்சி. செல்வத்தில் மனம் வைத்த ரேவதி இதற்கு உடன்படுகிறாள். மகனோடு அண்ணன் வீட்டிற்கு வந்து நியாயம் கேட்கும் சுபத்திரை, வெறுங்கையோடு வெளியேறுகிறாள்.

தாய்மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள சமூகத்தில் இது புராணமாக மட்டும் பார்க்கப்பட்டிருக்க இயலாது. பிறந்த வீட்டில் தனக்கு உரிமை உண்டு என்று நம்பும் பெண், கணவன் வீடு நொடித்த நாளில் அண்ணன் வாசலில் நிற்பது, தமிழ்க் குடும்பங்கள் தம் சொந்தக் கதைகளாகச் சொல்லிவந்த ஒன்று. ரேவதியை நாத்தனாரை மதியாத அண்ணியாகவும், பலராமனை மனைவி சொல்லுக்கும் பெருமைக்கும் இடையில் அகப்பட்ட அண்ணனாகவும் பார்வையாளர் எளிதில் அடையாளம் கண்டிருப்பர். தெய்வங்களின் மணிமுடிகளுக்குக் கீழே அவர்கள் கண்டது தெரிந்த முகங்களையே.

கண்ணன் அளிக்கும் மாயப் பெட்டி இந்த உறவுச் சிக்கலை ஒரே காட்சியில் வெளிப்படுத்துகிறது. திறப்பவரின் மனத்துக்குப் பிரியமானதை அது காட்டும். வத்சலாவுக்கு அபிமன்யுவும், பலராமனுக்குத் துரியோதனனும், ரேவதிக்கு அணிகலன்களும் தெரிகின்றன. கண்ணனுக்குத் தெரிவதோ சகுனியின் முகம். குழந்தைகளுக்கு அது வியப்பான பெட்டி. பெரியவர்களுக்கு அது குடும்பத்தில் யாருடைய மனம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சாட்சி. ஒரே காட்சி இரு வயதினருக்கும் இரு வேறு இன்பம் தருவதே இப்படத்தின் அமைப்பு முறை.

3. மாயம் ஆற்றும் பணி

உறவினர் கைவிட்டவர்களை ஏற்றுக்கொள்பவன், காட்டில் வாழும் கடோத்கசன். இடும்பியின் மகனாகிய அவன் அபிமன்யுவுக்கு அண்ணன் முறை. தன் எல்லைக்குள் வந்தவர்களை முதலில் எதிர்க்கிறான். சுபத்திரையே வில்லெடுக்கும் நிலை வருகிறது. உறவு இன்னதென்று தெரிந்தவுடன், அவ்வழக்கைத் தன் வழக்காக ஏற்கிறான். அரண்மனையில் மறுக்கப்பட்ட முறை, அரக்கனின் குடியிருப்பில் மதிக்கப்படுகிறது. எஸ். வி. ரங்காராவின் கடோத்கசன் அச்சமூட்டும் உருவமாக இருந்தும் அன்புக்குரியவனாக ஆனதன் காரணம், அவன் பேருருவத்தைவிட அவனுடைய இந்த நேர்மையில் உள்ளது.

இதன்பின் வரும் ஒவ்வொரு மாயமும் தவறிழைத்தவர்களுக்குத் தரும் தண்டனை. ஆனால் உயிர்ச்சேதம் இல்லாத தண்டனை. உறங்கும் வத்சலா கட்டிலோடு தூக்கிச் செல்லப்படுகிறாள். அவள் வடிவில் கடோத்கசனே மணப்பெண்ணாக அமர்கிறான். நாணமுள்ள பெண்ணாகவும், அவளுக்குள் ஒளிந்த அரக்கனாகவும் கணந்தோறும் மாறி நடிக்கும் சாவித்திரி, மணமேடையில் மாப்பிள்ளையின் காலை மிதிக்கும் இடம் படத்தின் உச்சங்களுள் ஒன்று. பொய் பேசவே பிறந்த சகுனி, உண்மையை மட்டுமே பேசவைக்கும் பீடத்தில் நின்று தன் சூழ்ச்சியைத் தானே சொல்லிவிடுகிறான். செல்வத்துக்காக நிச்சயிக்கப்பட்ட திருமணம் சிரிப்புக்கிடமாக முடிகிறது. பதினெட்டு நாள் போரால் தீர்ந்த பகையை, இப்படம் ஒரு கல்யாண வீட்டுக் குழப்பமாக்கித் தீர்த்துவிடுகிறது.

விருந்துக் காட்சியும் இவ்வகையிலேயே பொருள் பெறுகிறது. கௌரவர் கூட்டத்திற்காகச் சமைத்த உணவையெல்லாம் கடோத்கசன் ஒருவனே உண்டு தீர்க்கிறான். தஞ்சை ராமையாதாஸின் பாடலுக்குத் திருச்சி லோகநாதன் குரல் தந்தார். அப்பாடல் படத்தைப் பிரிந்து தனி வாழ்வு பெற்றது. படத்தைப் பார்க்காதவர்களும் கல்யாண விருந்து என்றவுடன் அதை நினைக்கும் நிலை உண்டாயிற்று. ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி கணினி இல்லாத காலத்தில் அமைத்த காட்சி இது என்பதும், பிற்காலப் பார்வையாளரின் வியப்புக்குக் காரணமாயிற்று.

4. 1957ஆம் ஆண்டின் சூழல்

படம் வெளியான காலம் கவனத்திற்குரியது. அதே ஆண்டின் பொதுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகப் போட்டியிட்டுச் சட்டமன்றத்தில் 15 இடங்களைப் பெற்றிருந்தது. 1952இல் வந்த ‘பராசக்தி’க்குப் பிறகு, சமூகப் படங்களின் உரையாடல் தமிழ்த் திரையின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தது. புராணப் படங்கள் பகுத்தறிவு நோக்கில் கேள்விக்கு உள்ளாகியிருந்தன.

இச்சூழலில் ‘மாயா பஜார்’ பரவலான ஏற்பைப் பெற்றதற்கு அதன் நோக்குநிலை துணைசெய்தது எனலாம். இப்படம் பக்தியைக் கோருவதில்லை. கண்ணன் வழிபாட்டுக்குரியவனாகத் தோன்றுவதைவிட, வீட்டுச் சிக்கலை நகைமுகத்தோடு அவிழ்க்கும் மாமனாகவே தோன்றுகிறான். 1956இல் வந்த ‘சொந்த ஊரு’ என்னும் தெலுங்குப் படத்தில் கண்ணனாகத் தோன்றியபோது நல்ல வரவேற்புப் பெறாத என். டி. ராமாராவ், இப்படத்தில் அவ்வேடத்தை ஏற்கத் தயங்கினார். ஆனால் இதன்பின் கண்ணன் என்றாலே அவர் முகம் என்னும் அளவுக்கு அது நிலைபெற்றது. 1964இல் ‘கர்ணன்’ எடுக்கப்பட்டபோது தமிழிலும் அவரே கண்ணனானார்.

5. ஒரு படம், இரு நினைவுகள்

தமிழ் வடிவம் குரல் மாற்றப்பட்ட படியன்று. தெலுங்கில் நாகேசுவரராவ் ஏற்ற அபிமன்யு வேடத்தைத் தமிழில் ஜெமினி கணேசன் ஏற்றார். ரேலங்கியின் இடத்தில் கே. ஏ. தங்கவேலுவும், சகுனியாக எம். என். நம்பியாரும், பலராமனாக டி. பாலசுப்பிரமணியமும் நடித்தனர். இம்மாற்றங்கள் பார்வையாளரின் அனுபவத்தையும் மாற்றின. 1955இல் ‘மிஸ்ஸியம்மா’வில் கண்ட ஜெமினி–சாவித்திரி இணையைத் தமிழர் நிலவொளிப் படகுக் காட்சியில் மீண்டும் கண்டனர். தங்கவேலுவின் அசட்டு மாப்பிள்ளை, தமிழ் நகைச்சுவை மரபிலிருந்து நேரே வந்தவன்.

எனினும் பிற்காலத்தில் இரு வடிவங்களும் இரு வேறு நிலைகளை அடைந்தன. 2010ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று வண்ணமாக்கப்பட்டு மீண்டும் வெளியானது தெலுங்கு வடிவம். 2013இல் சி.என்.என்.–ஐ.பி.என். தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் இந்தியாவின் தலைசிறந்த படமாக முதலிடம் பெற்றதும் அதுவே. தெலுங்கர் இப்படத்தைத் தம் பண்பாட்டுச் சொத்தாகப் போற்றுகின்றனர். அது முற்றிலும் தகும். தமிழர் நினைவிலோ படம் ஒரு விருந்துப் பாடலாகச் சுருங்கியது. 2012இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவந்த ‘கர்ணன்’ பெற்ற வெற்றி, பழைய பாரதப் படங்களுக்குத் தமிழில் பார்வையாளர் இல்லை என்னும் கருத்தைப் பொய்யாக்கியது. 2018இல் சாவித்திரியின் வாழ்க்கையைச் சொன்ன ‘நடிகையர் திலகம்’, மாயா பஜார் படப்பிடிப்பை மீண்டும் காட்டி, இளைஞர்களை அப்படத்தின் பக்கம் திருப்பியது. ஆர்வம் இருக்கிறது, தமிழ் வடிவத்தைப் பேணும் முயற்சியே அதற்கு ஈடாக எழவில்லை.

6. புலம்பெயர்ந்தோர் குடும்பங்களில்

அயல்நாடுகளில் வளரும் தமிழ்க் குழந்தைகள் இப்படத்தை எதிர்கொள்ளும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. தந்திரக் காட்சிகளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஆனால் அபிமன்யுவும் வத்சலாவும் அத்தை மகனும் மாமன் மகளும் என்பது அவர்களுக்குப் புரியும்போது, காதலின் இனிமை கேள்வியாக மாறலாம். மாமன் பிள்ளையும் சித்தி பிள்ளையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றனர். அச்சொல் உடன்பிறப்புக்கு நெருங்கிய உறவையே உணர்த்துகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய திருமணம் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டிலும் மருத்துவ விழிப்புணர்வால் நெருங்கிய உறவுத் திருமணத்தைத் தவிர்ப்போர் உள்ளனர்.

இதனால் படத்தை ஒதுக்கவோ, பழைய வழக்கத்தைப் போற்றவோ தேவையில்லை. முறை என்னும் சொல் திருமணத்தை மட்டும் குறித்ததன்று. வறுமையிலும் மாறாத கடமையையும் அது குறித்தது. சுபத்திரை அண்ணனிடம் கேட்டது அக்கடமையையே. ‘அவள் ஏன் அழுகிறாள்’ என்று குழந்தை கேட்கும் இடத்தில் பாட்டியோ தாத்தாவோ சொல்லும் விளக்கம், உறவுப்பெயர்களின் பொருளையும் ஒரு காலத்தின் அறத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. அவ்விளக்கம் இல்லையேல், எஞ்சுவது லட்டுத் தின்னும் அரக்கன் மட்டுமே.

முடிவுரை

‘மாயா பஜார்’ பார்வையாளரின் அன்பைப் பெற்ற வரலாறு, கூத்தும் கதைப்பாடலும் ஆயத்தப்படுத்திய பார்வையாளரிடமிருந்து தொடங்குகிறது. பாரதத்தை ஒரு வீட்டின் வழக்காக்கி, அவ்வழக்கை மாயத்தாலும் சிரிப்பாலும் தீர்த்ததே அதன் வெற்றிக்கு அடிப்படை. சிறியோர் மாயத்தையும் பெரியோர் நியாயத்தையும் கண்டு ஒருங்கே மகிழ்ந்ததால் அது குடும்பப் படமாயிற்று. இன்று மாயம் நிலைத்திருக்க, நியாயத்தின் பொருள் மங்கிவருகிறது. தமிழ் வடிவத்தைத் தரமான முறையில் புதுப்பித்துப் பாதுகாப்பதும், கதைப்பாடல், நாடகம், திரைப்படம் ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்துக் கற்பிப்பதும் தமிழியல் ஆய்வாளர் முன்னுள்ள பணிகளாகும். சுபத்திரையின் கேள்வி புரியும் பார்வையாளர் இருக்கும்வரை கடோத்கசனின் சிரிப்புக்கும் பொருள் இருக்கும்.