மே மாதத்து மாணாக்கர்கள்

திருத்தணி மலைக்கு ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள் என்பர். கோடை விடுமுறையில் அவற்றை ஏறுகிறவர்களுக்கு அந்தக் கணக்கின் பொருள் நன்றாகவே விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் மே மாத இறுதியில், வெயில் தாழ்ந்த வேளையில், நண்பர்கள் சிலருடன் நாம் படியேறினோம். உடன் வந்தவர்களில் ஒருவர் ஆந்திர எல்லையோரத்துச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அன்று பகல் முழுதும் பணியிடைப் பயிற்சியில் இருந்துவிட்டு நேரே வந்திருந்தார். தோள்பையில் பயிற்சிக் கையேடு துருத்திக்கொண்டிருந்தது.

"பயிற்சி எப்படிப் போயிற்று சார்?" என்று கேட்டோம்.

"நன்றாகத்தான் போயிற்று சார். காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து. நடுவில் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை" என்றார்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று வினவியபோது, அவர் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். அவருடைய ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டுமொழி தெலுங்கு. ஜூன் மாதத்தில் முதல் நாள் வந்து உட்காரும் அந்தக் குழந்தையிடம் எந்தச் சொல்லிலிருந்து தமிழைத் தொடங்குவது? பல ஆண்டுகளாக அவரே சில வழிகளைக் கண்டு வைத்திருக்கிறார். அவை சரிதானா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்பது அவர் ஆவல். அந்தக் கேள்விக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் இல்லை.

இந்தச் சிறு உரையாடலை நாம் மறந்திருக்கக் கூடும். நாம் நின்ற இடம் மறக்க விடவில்லை. ஏனெனில், நாடெங்கும் ஆசிரியர் தினம் கொண்டாடப்படுவது இந்த மலையடிவாரத்தில் பிறந்த ஒருவரின் பிறந்தநாளில்தான்.

*

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். திருத்தணியில் தொடக்கக் கல்வி. பின்னர்த் திருப்பதியிலும் வேலூரிலும் கிறித்தவ மறைபரப்பினர் நடத்திய நிறுவனங்களில் படிப்பு. அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். அவரது பிற்கால வாழ்வை வாசகர்கள் அறிவர். மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு, குடியரசுத் தலைவர் மாளிகை என்று அந்தப் பட்டியல் நீளும்.

அப்பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஊர் சைதாப்பேட்டை. பணியேற்ற மறு ஆண்டே, 1910இல், அவர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்குப் பயிற்சி பெற அனுப்பப்பட்டார். வகுப்பறையில் நின்று பாடம் சொன்னவர் மீண்டும் பலகையில் அமர வேண்டியதாயிற்று. அங்கு நிகழ்ந்ததை அவர் வரலாற்றைச் சொல்வோர் இவ்வாறு குறிப்பிடுவர். அவரது தத்துவப் புலமையைக் கண்ட பேராசிரியர், அந்தப் பாடத்துக்கு அவர் வர வேண்டியதில்லை என விலக்கு அளித்தார். ஆனால், உடன் பயிலும் ஆசிரியர்களுக்கு அவரே விரிவுரை ஆற்ற வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தார். இராதாகிருஷ்ணன் பதின்மூன்று விரிவுரைகள் ஆற்றினார். 1912இல் உளவியலின் அடிப்படைகள் பற்றி அவர் பெயரில் வெளிவந்த சிறு நூல் அவ்விரிவுரைகளிலிருந்து உருவானதே.

இதில் மாணவரின் மேதைமையைப் போற்றுவது எளிது. நமக்கு அந்தப் பேராசிரியர் செய்த காரியமே பெரிதாகத் தோன்றுகிறது. தன் வகுப்பில் அமர்ந்திருப்பவனுக்கும் ஏதோ தெரியும் என்று அவர் கண்டுகொண்டார். கண்டுகொண்டு வாளாவிருக்கவில்லை, அந்த அறிவை வகுப்புக்குப் பொதுவாக்கினார். ஆசிரியர் பயிற்சி என்பதன் முழு இலக்கணமும் அந்த ஒரு நிபந்தனையில் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

*

அப்படியொரு முறை இந்த மண்ணுக்குப் புதிதும் அன்று. நமது திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான்; சொல்லிக் கொடுப்பதன் வழியே தன் பாடத்தையும் உறுதி செய்துகொள்வான். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப்பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது அதுதான்.

ஆசிரியருக்கென்று தனிப் பயிற்சி என்ற எண்ணமும் இங்கு முன்னரே தோன்றிவிட்டது. தரங்கம்பாடியில் 1716இலேயே டேனிய மறைபரப்பினர் ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளி தொடங்கினர். 1826இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டங்களிலும் தாசில்களிலும் அரசுப் பள்ளிகள் அமைக்கவும், அவற்றுக்கான ஆசிரியர்களைச் சென்னையில் பயிற்றுவிக்கவும் திட்டம் வகுத்தார். தாசில் பள்ளி ஆசிரியருக்கு அவர் குறித்த சம்பளம் மாதம் 9 ரூபாய். மறு ஆண்டே மன்றோ மறைந்தார். 1836இல் திட்டமும் கைவிடப்பட்டது. பின்னர் 1854ஆம் ஆண்டு உட்ஸ் அறிக்கை ஆசிரியர் பயிற்சியை வலியுறுத்தியதை அடுத்து, 1856இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி பிறந்தது. அதுவே பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. இராதாகிருஷ்ணன் அதன் வாயிலில் நுழைந்தபோது அதற்கு வயது ஐம்பத்து நான்கு.

*

சைதாப்பேட்டை நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இராதாகிருஷ்ணன் அதே பொருளுக்குத் திரும்பி வந்தார். விடுதலை பெற்ற இந்தியா 1948 நவம்பரில் அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். 1949 ஆகஸ்டில் குழு தந்த அறிக்கை உயர்கல்வியைப் பற்றியது. எனினும் பள்ளி ஆசிரியர்களை அது மறக்கவில்லை. அதன் வாதம் கடுமையானது. நம் ஆசிரியர் தாம் கற்பிக்கும் பாடத்தில் அறிய வேண்டியதையெல்லாம் இருபத்தைந்து வயதுக்குள் அறிந்து முடித்துவிடுகிறார். எஞ்சியதை அனுபவத்திடம் விட்டுவிடுகிறோம். அந்த அனுபவமோ பெரும்பாலும் தேக்கத்துக்கு நாம் சூட்டிய மறுபெயர். ஆசிரியர் உயிர்ப்போடு இருக்க வேண்டுமானால் அவ்வப்போது மாணவராக மாற வேண்டும். ஆகவே பல்கலைக்கழகங்கள் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இடைநிலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் புத்தறிவுப் பயிற்சி வகுப்புகள் நடத்த வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. விடுமுறைக் காலமே அதற்கு உகந்தது.

அக்குழுவில் உறுப்பினராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவரானார். அக்குழுவும் பயிற்சிக் கல்லூரிகள் இத்தகைய குறுகியகால வகுப்புகளை நடத்த வேண்டும் என்றது. 1955 முதல் பயிற்சிக் கல்லூரிகளில் விரிவுப்பணித் துறைகள் தோன்றின. 1957இல் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியபின் அமெரிக்காவில் அறிவியல் ஆசிரியர்களுக்கான கோடை வகுப்புகள் பெருகின. 1960களில் அமெரிக்க உதவியோடு இந்தியாவிலும் அவை நடந்தன. 1964–66இல் பணியாற்றிய கோத்தாரிக் குழு, ஒவ்வொரு ஐந்தாண்டுப் பணிக்கும் இரண்டு அல்லது மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது.

மாதங்கள் மணிகளாகச் சுருங்கியதை மட்டும் நாம் குறையாகச் சொல்ல வரவில்லை. 1949இல் பேசப்பட்டது ஆசிரியரின் மனத்தைப் பற்றி. பின்னர்ப் பேசப்பட்டது பெரும்பாலும் கால அளவைப் பற்றி. அளவை எண்ணலாம், பதிவேட்டில் ஏற்றலாம், கையெழுத்து வாங்கலாம். ஒருவர் மீண்டும் மாணவரானாரா என்பதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது?

*

மீண்டும் எல்லைக்கு வருவோம். இராதாகிருஷ்ணன் 1952 முதல் 1962 வரை குடியரசுத் துணைத்தலைவராக இருந்தார். அந்தப் பத்தாண்டுகளுக்குள் அவர் பிறந்த ஊர் இருமுறை மாநிலம் மாறியது. 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1953 அக்டோபர் 1ஆம் நாள் அம்மாவட்டத்தோடு ஆந்திர மாநிலத்துக்குப் போயிற்று. ம.பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்ற வடஎல்லைப் போராட்டம், படாஸ்கரின் நடுவர் தீர்ப்பு, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பின் 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது.

அப்போராட்டத்தின் வேர்களில் ஒன்று வகுப்பறையில் இருந்தது என்பது பலரும் மறந்த செய்தி. அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்தில் பிறந்த மங்கலங்கிழார் அடிப்படையில் ஓர் ஆசிரியர். சென்னையில் பள்ளிப் பணி பார்த்தவர், பின்னர் வடஎல்லைச் சிற்றூர்களில் தங்கி ஊதியம் கருதாது தமிழ் கற்பித்தார். அவரிடம் இலக்கண இலக்கியம் கற்றவர்களுள் பலர் தாமும் தமிழாசிரியர் ஆயினர். ஓர் ஊரின் மொழி நிலைக்க வேண்டுமானால் அங்கே பிள்ளைகளுக்கு முன் ஆசிரியர் கற்க வேண்டும் என்பதை அவர் அரசாணை எதுவும் இன்றியே உணர்ந்திருந்தார். ஆந்திர மாநிலம் பிறந்த அதே 1953இல், அது பிறக்குமுன் அவர் மறைந்தார். இருமொழி வழங்கும் இந்நிலப்பகுதியில், எந்தப் பிள்ளைக்கு எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது என்ற நம் நண்பரின் கேள்வி அவருக்குப் புரிந்திருக்கும். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த இராதாகிருஷ்ணனுக்கும் புரிந்திருக்கும்.

எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு பாடமும் உண்டு. சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளியை அடுத்திருந்த ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ரமாவும், ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்டு கற்கும் முறையை வகுத்தனர். சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே சென்று, நடக்கும் வகுப்பறைகளில் அமர்ந்து பார்த்தனர். 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. சில ஆண்டுகளில் தமிழகம் முழுதும் பரவியது. முதலில் போனவர்கள் கண்ணால் கண்டு, கையால் அட்டை செய்து, ஐயங்களைக் கேட்டுக் கற்றனர். மாநிலம் முழுமைக்கும் விரிந்தபோது அதே முறை பல இடங்களில் ஆணையாகவே வந்து சேர்ந்தது. முறை ஒன்றே, கற்ற விதம் வேறு. பலனும் வேறாக இருந்ததில் வியப்பில்லை. 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்கும், பள்ளி திறக்குமுன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. திட்டங்கள் மாறலாம், கோடையும் ஆசிரியரும் மாறுவதில்லை.

எல்லா ஆசிரியரும் இராதாகிருஷ்ணன் ஆவாரா, ஆளுக்கொரு விரிவுரை ஆற்றினால் பயிற்சி என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல்லாயிரம் ஆசிரியர்களுக்குச் சில நாட்களில் ஒரு புதிய பாடநூலை அறிமுகம் செய்ய வேண்டியவர்களுக்குப் பொதுக் கையேடு இன்றியமையாதது. ஆனால் பதின்மூன்று விரிவுரைகள் எவரும் கேட்கவில்லை. பயிற்சியின் ஒரு நாளில் ஒரு முற்பகலையேனும், வந்திருப்பவர்களின் கேள்விகளுக்கும் அவர்கள் கண்டுபிடித்த வழிகளுக்கும் ஒதுக்க முடியாதா? எல்லையோரத்து வகுப்பறையைப் பற்றி அங்கு இருபது ஆண்டு நின்றவரைவிட அதிகம் அறிந்த கருத்தாளர் யார்?

செப்டம்பர் 5ஆம் நாள் நாம் ஆசிரியர்களுக்கு மாலை அணிவிக்கிறோம். அது நல்ல வழக்கம், தொடரட்டும். ஆனால் அந்தப் பிறந்தநாளுக்குரியவர் ஆசிரியர்களுக்கென்று கேட்டது விடுமுறையில் மீண்டும் மாணவராகும் வாய்ப்பு. அதற்கான காலம் மே மாதம். அங்கேதான் நாம் அவருக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது நண்பரிடம், அந்த முதல் சொல் எது என்று கேட்டோம். அவர் சிரித்தார். "'பால்' சார். தெலுங்கிலும் ஏறக்குறைய அதே சொல்தான். அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சொல்லை ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறது என்று அதற்குக் காட்டிவிட்டால் போதும். மற்றவை தாமாக வரும்."

பயிற்சிக்கு வரும் ஆசிரியருக்கும் அதுவே பொருந்தும்.