உள்ளேன் ஐயா

கொஞ்சம் நீளமான பதிவு.

நான் ஏழாம் வகுப்பு எடுத்த ஒரு வருடம், ஒரே பெயர், ஒரே இனிஷியலில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று குரல் வரும். இரண்டு பேருக்கும் சேர்த்தே குறித்துவிடுவேன். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஒருவன் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டான் என்று. பதிவேட்டில் மட்டும் அவன் தினமும் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான்.

சுந்தரவன ஆற்று ஆமையின் கதையைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

படாகுர் பாஸ்கா என்பது அதன் அறிவியல் பெயர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்ட் கிரே 1830களின் தொடக்கத்தில் வைத்தது. 1847-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் தியோடர் கேன்டர், மலாய் நாட்டில் கிடைத்த ஓர் ஆமைக்கு டெட்ராவோனிக்ஸ் அஃபினிஸ் என்று பெயரிட்டார். டெட்ராவோனிக்ஸ் என்றால் நான்கு நகம். முன்காலில் நான்கு நகம்தான் இருக்கும். பின்னால் வந்தவர்கள் "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று சொல்லி, கேன்டரின் பெயரைத் தள்ளிவிட்டார்கள். ஒடிசா, வங்காளத்திலிருந்து மலேசியா வரை ஒரே இனம் என்று ஆயிற்று.

மலேசியாவில் இதைத் துந்தோங் என்பார்கள். அங்கே முட்டைகளைச் சேகரித்து, பொரித்த குஞ்சுகளை ஆற்றில் விடும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வங்காளத்திலோ இறைச்சிக்கும் முட்டைக்கும் பிடித்துப் பிடித்தே ஆமை தீர்ந்துகொண்டிருந்தது. ஆனால் கணக்கு ஒன்றுதானே! மலேசிய ஆமை "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டிருந்தது.

"மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம்" என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அதற்குள் தனியாக ஒரு டிஎன்ஏ இருக்கிறது என்று நான் சொல்லிக்கொடுத்ததில்லை. ஏறக்குறைய 16,500 எழுத்துகள், 37 ஜீன்கள் கொண்ட சின்ன வளையம் அது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். அப்பாவின் பங்கு கலப்பதில்லை என்பதால், தலைமுறை தலைமுறையாக எப்போதாவது மாறும் ஓரிரு எழுத்துகளை ஒப்பிட்டு, யார் யாருக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று பார்த்துவிடலாம். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான நகல்கள் இருக்கும். ஒரு துளி இரத்தம் போதும், ஆமையைக் கொல்ல வேண்டியதில்லை. அழிந்துகொண்டிருக்கும் உயிருக்கு இது பெரிய விஷயம்.

பீட்டர் பிராஷாக், ஊவே ஃபிரிட்ஸ் முதலியோர் 2007-ல் இப்படித்தான் ஆசிய ஆற்று ஆமைகளை ஒப்பிட்டார்கள். சுந்தரவன ஆமையும் மலேசிய ஆமையும் வேறு வேறு என்று தெரிந்தது. 2008-ல் தெற்கத்திய ஆமைக்குக் கேன்டர் வைத்த பெயரே திரும்ப வந்தது: படாகுர் அஃபினிஸ். 161 வருடம் கழித்து!

இத்தனைக்கும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். இனச்சேர்க்கைக் காலத்தில் வடக்கத்திய ஆணுக்குத் தலை கருத்து, கழுத்தும் முன்கால்களும் சிவக்கும். மலேசிய ஆண் கறுப்பாக இருக்கும். ஆற்றோரத்து மீனவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

பெயரைப் பிரித்ததும் பாஸ்காவின் உண்மைக் கணக்கு வெளியே வந்தது. தேடிப் பார்த்தால், வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களில் சிலர் வளர்த்தவை, சுந்தரவனத்தின் சஜ்னேகாலி வனத்துறைக் குளத்தில் இருந்த சில என்று விரல் விட்டு எண்ணும்படி கிடைத்தன. மலேசியக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு நிரப்பிவிடலாம் என்ற பேச்சுக்கும் இனி இடமில்லை. அது வேறு இனம்.

2010-ல் வியன்னா மிருகக்காட்சி சாலையில் பாஸ்கா குஞ்சு பொரித்தது. 2012-லிருந்து சஜ்னேகாலியிலும், வங்கதேசத்தின் பாவல் தேசியப் பூங்காவிலும் பொரிக்கின்றன. 2022 ஜனவரியில் சஜ்னேகாலியில் வளர்ந்த 10 ஆமைகளின் ஓட்டில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆற்றில் விட்டார்கள். சில வங்கதேசப் பக்கம் நீந்திப் போய், அங்கே மீனவர் வலையில் அகப்பட்டன.

அந்தப் பையனைத் தேடிச் சூளைக்குப் போனேன். இரண்டு நடை நடந்த பிறகு அவன் அப்பா அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரையும் அப்பா பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிட்டேன்.

சுந்தரவனம் போய்வந்த நண்பர்கள் யாராவது சஜ்னேகாலி குளத்தைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.