கயிறும் விளக்கும்

அணுவுலைகளின் காவற்கருவிகளைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். கலைத்துறை பயின்றவன் நான். கணக்குகளைச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்யேன்.

1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், சிக்காக்கோப் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் படிக்கட்டுகளுக்குக் கீழிருந்த பந்தாட்டக் கூடமொன்றில், இத்தாலிய அறிஞர் என்றிக்கோ பேர்மி உலகின் முதல் அணுவுலையை இயக்கினார். காரீயக் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கிய குவியலே அது. நியூத்திரன்களை விழுங்கும் கட்மியக் கோல்கள் உள்ளே கிடக்கும்வரை குவியல் உறங்கும். வெளியே இழுத்தால் விழிக்கும். அவற்றுள் ஒன்றை வெளியே இழுத்து, கயிற்றினால் மேன்மாடக் கைபிடியிற் கட்டியிருந்தனர். கருவிகள் கைவிட்டால் அக்கயிற்றை வெட்டுவதற்கென நோர்மன் ஹில்பெரி என்பார் கோடரியுடன் நின்றார். சிரிப்பு வருகிறதல்லவா? ஆயினும் கயிறு அறுந்ததா, கோல் உள்ளே பாய்ந்ததா என்பதைக் கண்ணாற் காணலாம்.

அன்று முற்பகல், தானியங்கிக் கோலொன்று பேரோசையுடன் உள்ளே பாய்ந்தது. ஆபத்து எதுவுமில்லை, எல்லையை மிகத் தாழ்வாக வைத்துவிட்டனர். பேர்மி கோல்களையெல்லாம் உள்ளே பூட்டுவித்து, உணவருந்தப் போகலாம் என்றார்! பிற்பகலில் உலை இயங்கிற்று. வலு அரை வாட்டு மாத்திரமே.

பத்தாண்டும் பத்து நாளும் கழிந்தன. 1952 டிசம்பர் 12ஆம் நாள், கனடாவின் சோக் ரிவரில் என்.ஆர்.எக்ஸ். என்னும் ஆராய்ச்சியுலை. இங்கே கோல்களை அசைப்பது காற்றழுத்தம். அவற்றின் நிலையை உரைப்பன விளக்குகள். நிலவறையில் ஊழியரொருவர் தவறான அடைப்பிதழ்களைத் திறக்க, கோல்கள் மேலெழுந்தன; மேலே செவ்விளக்குகள் எரிந்தன. மேற்பார்வையாளர் விரைந்திறங்கி அடைப்பிதழ்களை மூடினார். விளக்குகள் அணைந்தன. கோல்கள் முற்றாக இறங்கிவிட்டன என்றே எவரும் கொள்வர். ஆனால் சில கோல்கள் விளக்கு அணையுமளவுக்கு மட்டுமே இறங்கியிருந்தன.

நிலவறையிலிருந்து தொலைபேசியில் அவர் 4ஆம், 3ஆம் பொத்தான்களை அழுத்தச் சொல்ல நினைத்தார். வாய் தவறி 4, 1 என்றார். உதவியாளரோ இரு கைகளாலும் அழுத்துவதற்காகத் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார். பிழையைத் திருத்தக் கூவிய குரலைக் கேட்க எவருமில்லை. மேலும் நான்கு கோல்கள் எழுந்தன. ஏறக்குறைய இருபது விநாடியில் வலு ஏறுவதைக் கண்டு நிறுத்தற் பொத்தானை அழுத்தினர். நான்கில் ஒன்றே, அதுவும் மெல்ல, இறங்கிற்று. இறுதியில் உலையிலிருந்த கனநீரை வடித்தே அதனை அடக்கினர்.

எரிபொருட் கோல்கள் சில உருகின. நிலவறையில் ஏறக்குறைய 10 இலட்சம் கலன் கதிரியக்க நீர் தேங்கிற்று. உயிரிழப்பில்லை. துப்புரவுக்கு உதவிய அமெரிக்கக் கடற்படையினருள், 1977இல் ஜனாதிபதியான ஜிம்மி காட்டரும் ஒருவர். சேதமுற்ற உலைக்கலத்தைப் புதைத்துப் புதியது பொருத்தி, 1954இல் உலையை மீண்டும் இயக்கினர். 1993 வரை அது பணிபுரிந்தது.