மின்திரைச் சமரும் சுன்னாகத்து இருளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் போரையும் இடப்பெயர்வையும் பேசுமளவிற்கு விளையாட்டைப் பேசுவதில்லை. ஒரு தலைமுறை எதனை விளையாடியது, எதனை விளையாட இயலாது போயிற்று என்பதும் வரலாற்றுக்குரிய வினாவேயாம். அதனைச் சுன்னாகத்தில் வைத்து எழுப்புதற்குக் காரணமுண்டு. சந்தையாலும் குமாரசுவாமிப் புலவராலும் பெயர்பெற்ற இவ்வூரிலேதான், குடாநாட்டிற்கு ஒளியூட்டிய டீசல் மின்நிலையம் 1950களில் அமைந்தது.

1991 இல் யப்பானிய நிறுவனமாகிய கப்கொம் 'ஸ்ட்ரீட் பைட்டர் 2' என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. இருவர் ஒரே பொறியின் முன் அருகருகே நின்று, திரையில் தோன்றும் இரு வீரரை மோதவிடுவர். தெரிந்தெடுக்கத்தக்க எண்மருள் ஒருவர், கைகால்களை முழக்கணக்கில் நீட்டி அடிக்கும் இந்திய யோகி. யோகத்தைப் பற்றி அந்நிறுவனத்தார் கொண்டிருந்த எண்ணம் அவ்வாறிருந்தது போலும். வென்றவன் தொடர்ந்து ஆடுவான், தோற்றவன் விலகுவான், அடுத்து ஆட விரும்புபவன் தன் நாணயத்தைப் பொறியின் விளிம்பில் வைத்து முறையைக் குறித்துக்கொள்வான். சுற்றி நிற்போர் பார்த்துப் பார்த்தே கற்றனர். பிற்காலத்துப் பெரும் போட்டிகள் இந்நாணய வரிசையிலிருந்தே பிறந்தன எனலாம். 1996 இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 40 பேருடன் தொடங்கிய போட்டியே 2002 முதல் 'ஈவோ' எனப் பெயர்பெற்று, உலகெங்குமிருந்து ஆட்டக்காரரை ஈர்ப்பதாயிற்று.

அவ்வரிசை பிறநாட்டு நகரங்களில் நீண்ட ஆண்டுகளில் சுன்னாகத்தின் நிலை யாது? 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எரிபொருளும் பற்றரியும் பொருளாதாரத் தடையுள் அடங்கின. மின்நிலையத்தைத் தம்மூரிலே உடையவரும் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டனர். ஒருவர் சுற்றப் பலர் செய்தி கேட்டனர். மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கியையும் தொலைக்காட்சியையும் வாடகைக்கு எடுத்து, ஓரிரவிலே பல படங்களைத் தொடர்ந்து பார்த்ததும் உண்டு. நாள் முழுதும் எரியவேண்டிய விளையாட்டுப் பொறிக்கு அங்கு இடமேது? 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது ஊரும் வெறிதாயிற்று.

எதிரெதிர் நின்று மோதும் ஆட்டத்தில் நம்மவர்க்கு நாட்டமில்லை எனக் கூறுதல் பொருந்தாது. சித்திரைப் புத்தாண்டில் போர்த்தேங்காய் அடித்த ஊர்கள் இவை. வைரமான சிரட்டையுடைய காயைத் தேடித் தெரிந்து, ஒருவன் காயை மற்றவன் காயால் அடிப்பர், உடைந்தால் தோல்வி, உடையாத காய்க்குரியவன் அடுத்தவனை எதிர்கொள்வான். சுற்றி நிற்கும் கூட்டமும் அதே கூட்டந்தான்.

உலகினின்று ஒதுங்கியிருந்தமையே காரணம் என்பாரும் உளராகலாம். லாகூர் அதற்கு மறுமொழி கூறும். விசாத் தொல்லையால் வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அரிதாகவே செல்ல முடிந்த பாகிஸ்தானியர் தமக்குள்ளேயே ஆடித் தேறினர். அவருள் ஒருவரான அர்ஸ்லான் ஆஷ் 2019 இல் யப்பானில் நடந்த ஈவோவிலும் அமெரிக்க ஈவோவிலும் 'டெக்கன் 7' ஆட்டத்தில் முதலிடம் பெற்றார். அங்கே விளையாட்டுக் கடைகள் திறந்திருந்தன. எதிராளி பக்கத்துத் தெருவிலேயே இருந்தான்.

2002 இல் திறந்த ஏ-9 வீதி 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 இன் பின்னரே நிலைமை சீரடைந்தது. 'உத்துறு ஜனனி' மின்நிலையமும் சுன்னாகத்திலேயே எழுந்தது. ஆனால் அதற்குள் நாணயப் பொறிக் கடைகள் உலகின் பல பாகங்களில் அருகிவிட்டன. விளையாட்டு வீட்டிற்கும் கைத்தொலைபேசிக்கும் பெயர்ந்துவிட்டது. நம் இளைஞர் விளையாட்டைப் பெற்றனர். கூடி நின்று கற்கும் இடத்தை அதனோடு பெற்றாரல்லர்.

2023 இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 'ஸ்ட்ரீட் பைட்டர் 5' பதக்கத்திற்குரிய போட்டியாயிற்று. தங்கம் வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. சிறுவயதிலேயே நாணயப் பொறிகளின் முன் நின்று பழகியவர் அவர். அவரோடு ஒத்த வயதினர் சுன்னாகத்திலும் உளர். 1991 இல் அவர்களுக்கும் ஏறத்தாழப் பன்னிரண்டு வயது. சைக்கிள் டைனமோவைச் சுற்றியவர்களுள் அவர்களும் அடங்குவர்.