ஃபிஜி 1987: மாறியதும் மாறாததும்

ஃபிஜியின் 1987ஆம் ஆண்டை இனப்பகையின் கதையாக மட்டுமே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஆண்டில் யார் எந்தப் பதவியில் இருந்தார் என்று பார்க்கலாம் என்கிறேன்.

ஜனவரியில் பிரதமர் ராத்து மாரா. 1970இல் விடுதலை பெற்றது முதல் அவர்தான். அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல், ராத்து கனிலாவ். ஏப்ரல் தேர்தலில் மாராவின் கட்சி தோற்றது. தொழிற்கட்சியின் டாக்டர் பவாத்ரா பிரதமரானார். அவரும் பூர்வகுடிதான். ஆனால் அவருடைய கூட்டணி உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர்.

மே 14 அன்று ராணுவ அதிகாரி ரபுகா நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து அரசைச் சிறைபிடித்தார். பூர்வகுடிகளின் நிலம் பறிபோய்விடும் என்பது அன்று பரப்பப்பட்ட அச்சம். நாட்டின் நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் விற்கவே முடியாதபடி சட்டம் காத்துவந்தது.

செப்டம்பரில் இரண்டாம் கவிழ்ப்பு. அக்டோபரில் குடியரசு அறிவிப்பு. காமன்வெல்த் உறவும் அறுந்தது. டிசம்பரில் கனிலாவ் குடியரசுத் தலைவர், மாரா மீண்டும் பிரதமர்.

அரசியலமைப்பு போயிற்று, முடியாட்சி போயிற்று. நாற்காலிகளில் அதே இருவர். இன அச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதனால் பதவி யாருக்குத் திரும்பியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறேன். விலை கொடுத்தவர்கள் வேறு. 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பல்லாயிரம் பேர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மறுபடி புலம்பெயர்ந்தார்கள்.

2023 மே 14 அன்று ரபுகா மன்னிப்புக் கேட்டார். அப்போது பிரதமர் அவர்தான்.